பழைய டிராக்ஸாஸ் ஸ்டாம்பீடுக்கு பிரஷ்லெஸ் மோட்டார் போடலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். கையில் இருப்பது பதினைந்து வருஷம் பழைய டிராக்ஸாஸ் ஸ்டாம்பீட் என்ற ரிமோட்டில் ஓடும் (ஆர்.சி.) டிரக், பின்சக்கரம் மட்டும் இழுக்கும் மாடல். உள்ளே டைட்டன் 12டி பிரஷ்டு மோட்டார் (பிரஷ் உரசி மின்சாரம் போகும் வகை), எக்ஸ்எல்-5 ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின் பெட்டி). இழுவை குறைந்துவிட்டது, மோட்டாரின் பின்பக்க ஓட்டை வழியாகப் பொறி தெரிகிறது. கடைக்காரர் 4000 கே.வி. பிரஷ்லெஸ் (பிரஷ் இல்லாத மோட்டார்) செட்டும் 3எஸ் லிப்போவும் (மூன்று செல் லித்தியம் பேட்டரி) வாங்கிப் போடுங்கள், அப்படியே உட்கார்ந்துவிடும் என்கிறார். எந்த மோட்டார் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "பையன்தான் ஓட்டப்போகிறான், அடிக்கடி உடையாமல் இருந்தால் போதும்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரிக்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். ஆர்.சி. வண்டிகளைப் பல வருஷமாகப் பிரித்து மாட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் என் கருத்து இது: மாற்றலாம், நன்றாகவே ஓடும். ஆனால் கடைக்காரர் சொன்ன செட் வேண்டாம். 3000 முதல் 3500 கே.வி.க்குள் ஒரு மோட்டார், 2எஸ் பேட்டரி, மிச்சப் பணத்தை மோட்டாருக்குப் பின்னால் இருக்கும் பாகங்களில் போடுங்கள்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. 540, 550 அளவு மோட்டார்களில் முன்பக்க ஸ்க்ரூ ஓட்டைகள் 25 மி.மீ. இடைவெளியில், எம்3 அளவில்தான் இருக்கும். பிரஷ்லெஸ்ஸில் 3650, 3660 என்று வருபவையும் அதே அளவைப் பின்பற்றுகின்றன. முதல் இரண்டு எண்கள் விட்டம், அடுத்த இரண்டு நீளம், மி.மீ. கணக்கில். உங்கள் டைட்டன் 550 அளவு நீளமான மோட்டார் என்பதால் 3650 தாராளமாக நிற்கும். மோட்டார் உட்காருவது உண்மை. அது உட்கார்ந்த பிறகு கியர்பாக்ஸும் டிரைவ் ஷாஃப்டும் என்ன ஆகும் என்பதைத்தான் அவர் சொல்லவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். கே.வி. என்பது ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்பது, அதுவும் சுமை இல்லாதபோது. ஸ்டாம்பீட் கியர்பாக்ஸின் உள் விகிதம் 2.72. ஸ்பர் கியரில் (பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) 86 பல், பினியனில் (மோட்டார் தண்டில் மாட்டும் சின்னப் பல்சக்கரம்) 18 பல் என்று வைத்துக்கொண்டால் மொத்த விகிதம் ஏறக்குறைய 13. அதாவது மோட்டார் 13 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. டயர் விட்டம் 115 மி.மீ. என்று எடுத்துக்கொள்வோம். 3500 கே.வி. மோட்டாரை 2எஸ், அதாவது 7.4 வோல்ட்டில் ஓட்டினால் காகிதத்தில் மணிக்கு 43 கி.மீ. வருகிறது. அதே மோட்டார் 3எஸ், 11.1 வோல்ட்டில் 65 கி.மீ. கடைக்காரர் சொன்ன 4000 கே.வி.யை 3எஸ்ஸில் போட்டால் 74 கி.மீ. நிஜத்தில் காற்று, சுமை, பேட்டரியின் வோல்ட் இறங்குவது எல்லாம் சேர்ந்து இதைவிடக் குறைவாகவே ஓடும். உங்கள் வண்டியில் ஸ்பர், பினியன் பல் எண்ணிக்கை வேறாக இருந்தால், எண்ணிப் பார்த்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். எப்படிப் பார்த்தாலும் 43-க்கும் 74-க்கும் இடையே இருக்கும் வித்தியாசம்தான் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி. முழு சார்ஜில் 3எஸ் 12.6 வோல்ட் காட்டும், அப்போது 4000 கே.வி. மோட்டார் நிமிஷத்துக்கு 50,000 சுற்றைத் தாண்டப் பார்க்கும். பல மோட்டார்களின் வரம்பே அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

வேகம் மட்டுமே பிரச்சினை என்றால் ரிமோட்டில் திராட்டிலைக் குறைத்து வைத்துச் சமாளிக்கலாம். பழைய வண்டியை உடைப்பது வேகத்தைவிட முறுக்கு விசைதான். நல்ல பேட்டரியோடு பிரஷ்லெஸ் மோட்டார் நின்ற இடத்திலிருந்தே மொத்த விசையையும் ஒரே நொடியில் கொடுக்கும். டைட்டன் அப்படி அடிக்காது. ஸ்டாம்பீட் உயரமான வண்டி, எடையெல்லாம் பின்பக்கம். திராட்டிலை முழுசாக அழுத்தினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு மல்லாக்க விழும். விழுந்து எழும்போது, காற்றில் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரம் தரையில் பட்டுச் சட்டென்று பிடிக்கும். அந்த ஒரு கணத்தில்தான் பிளாஸ்டிக் டிரைவ் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும், அல்லது கியர்பாக்ஸின் நடுக் கியர் பல் உதிரும். வீலி பார் (பின்னால் நீட்டி, மல்லாக்க விழாமல் தடுக்கும் கம்பி) போட்டுவிடுங்கள். சின்ன செலவு, நிறைய மிச்சம்.

எது முதலில் உடையும் என்று உங்கள் வண்டியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. பொதுவாக இந்த வகை வண்டிகளில் நான் பார்த்த வரிசை இதுதான்: முதலில் பின் டிரைவ் ஷாஃப்ட். ஒன்றுக்குள் ஒன்று நீண்டு சுருங்கும் பிளாஸ்டிக் வகை, வயதானால் காய்ந்து உடையும். அடுத்தது ஸ்லிப்பர் கிளட்ச் (அதிக அடி வந்தால் கொஞ்சம் வழுக்கிப் பாகங்களைக் காக்கும் கிளட்ச்) தேய்ந்து வழுக்குவது. அதன் பிறகுதான் கியர்பாக்ஸ் உள்பக்கம். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஷாஃப்டை ஸ்டீலாக மாற்றினால் ஷாஃப்ட் உடையாது, ஆனால் அது தாங்கிக்கொண்டிருந்த அடி அடுத்த பாகத்துக்குப் போகும். ஆகவே ஸ்டீல் ஷாஃப்ட் போட்டு, ஸ்லிப்பரை இறுக்கி, கியர்பாக்ஸைப் பழையபடி விட்டால் அடுத்த செலவு கியர்பாக்ஸுக்குத்தான். பையன் ஓட்டும் 2எஸ் வண்டிக்கு நல்ல நிலையில் இருக்கும் பிளாஸ்டிக் ஷாஃப்டே போதும் என்பது என் கருத்து. விலை குறைந்த பாகம் உடைந்து விலை கூடிய பாகம் தப்பிப்பது நல்லதுதானே. ஆனால் இதில் கருத்து வேறுபாடு உண்டு. முதல் நாளே ஸ்டீலுக்குப் போய்விடு என்று சொல்லும் அனுபவசாலிகளும் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் 3எஸ் ஓட்டுபவர்கள்.

மோட்டார் ஆர்டர் பண்ணுவதற்கு முன் ஒரு மாலை ஒதுக்கிக் கியர்பாக்ஸைத் திறந்து பாருங்கள். பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டு இரண்டு பின்சக்கரத்தையும் கையால் ஒரே திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். மணல் கடிப்பதுபோல் விரலில் தட்டினால் பேரிங் போயிருக்கிறது, அல்லது பல்லில் கல் சிக்கியிருக்கிறது. சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், லூஸாக இருந்தால் பேரிங்கோ புஷ்ஷோ (குண்டு இல்லாத வெறும் வளையம்) தேய்ந்திருக்கும். இந்த வரிசை வண்டிகளில் 5×11×4 மி.மீ. பேரிங்தான் அதிகம் பயன்படுகிறது, இருந்தாலும் வாங்கும் முன் வெர்னியர் வைத்து அளந்துகொள்ளுங்கள். பேரிங்குக்குப் பதில் புஷ் இருந்தால் கட்டாயம் மாற்றுங்கள். கூடுதல் சுற்றில் புஷ் சூடாகி, அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். உள்ளே இருக்கும் பழைய கிரீஸ் கறுத்துக் கட்டியாகியிருக்கும். துடைத்து எடுத்துப் பல்லைப் பாருங்கள். பல்லின் நுனி கத்தி மாதிரி கூராக இருந்தால் அந்தக் கியர் பிரஷ்லெஸ்ஸுக்கு நிற்காது. மொத்த கியர்பாக்ஸும் தேய்ந்திருந்தால், டிராக்ஸாஸே இதே 2.72 விகிதத்தில் மேக்னம் 272ஆர் என்று உலோகக் கியர் வைத்த கியர்பாக்ஸ் பின்னாளில் கொண்டுவந்திருக்கிறது. அதை வாங்குவதா, கியர் மட்டும் மாற்றுவதா என்பது உங்கள் பட்ஜெட்டைப் பொறுத்தது.

மோட்டார் தேர்வில் கே.வி.க்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது தண்டின் தடிமன். உங்கள் வண்டியின் ஸ்பர் 48 பிட்ச் (பல்லின் அளவு). அதற்கான சின்னப் பினியன்கள் பெரும்பாலும் 3.17 மி.மீ. தண்டுக்குத்தான் கிடைக்கும். சக்தி கூடிய சில பிரஷ்லெஸ் மோட்டார்கள் 5 மி.மீ. தண்டோடு வருகின்றன. அதை வாங்கிவிட்டுப் பினியன் தேடி அலைபவர்கள் நிறைய. 3.17 தண்டு என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். டிராக்ஸாஸின் சொந்த வெலினியான் 3500 மோட்டாரும் விஎக்ஸ்எல்-3எஸ் ஈஎஸ்சியும் இந்த வண்டிக்கென்றே செய்தது போலப் பொருந்தும். விலை கூடுதல், ஆனால் பாகம் கிடைக்கும். ஹாபிவிங்கின் குயிக்ரன் வரிசையில் 60 ஆம்பியர் ஈஎஸ்சி 2எஸ் ஓட்டத்துக்குப் போதுமானது. பெயர் தெரியாத மலிவு செட்களும் ஓடத்தான் செய்கின்றன. அவற்றின் மேல் அச்சடித்த ஆம்பியரை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். 60 தேவை என்றால் 100 என்று எழுதியதை வாங்குவது நல்லது. ஃபின் (சூடு தணிக்கும் செதில்) வைத்த உடம்புள்ள மோட்டார் என்றால் கியர் கவரில் இடிக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்சார் (மோட்டார் தண்டின் நிலையை ஈஎஸ்சிக்குச் சொல்வது) உள்ளதா, இல்லாததா என்று அடுத்து யாராவது குழப்புவார்கள். சென்சார் இல்லாத மோட்டார் நின்ற இடத்திலிருந்து மிக மெதுவாகக் கிளம்பும்போது லேசாக வெட்டி வெட்டிக் கிளம்பும். வேகம் எடுத்த பிறகு வித்தியாசம் தெரியாது. பாறை ஏறும் கிராலர் வண்டிக்கு சென்சார் அவசியம். மைதானத்தில் ஓடி, குதித்து, சேற்றில் புரளும் ஸ்டாம்பீடுக்குத் தேவையில்லை. சென்சார் வயர் என்று இன்னொரு மெல்லிய வயர் இல்லாமல் இருப்பதே சேற்றில் வசதி. தண்ணீரில் ஓட்டுவீர்கள் என்றால் ஈஎஸ்சி வாட்டர்ப்ரூஃப் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். உங்கள் பழைய எக்ஸ்எல்-5 தண்ணீர் தாங்கும் என்பதற்காகப் புதியதும் தாங்கும் என்று நினைத்துவிட வேண்டாம். மோட்டாருக்குள் தண்ணீர் போவதால் உடனே கெடாது, பேரிங்தான் துருப்பிடிக்கும். ஓட்டி முடித்ததும் காயவைத்து பேரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

எக்ஸ்எல்-5-ஐயே வைத்துக்கொண்டு மோட்டாரை மட்டும் மாற்ற முடியாது. அது இரண்டு வயர் பிரஷ்டு மோட்டாருக்கானது, பிரஷ்லெஸ்ஸுக்கு மூன்று வயரில் முறைமாற்றி மின்சாரம் அனுப்பும் ஈஎஸ்சி வேண்டும். ஆக ஈஎஸ்சியும் மாறுகிறது. கூடவே ரிசீவருக்கும் (ரிமோட் சிக்னலை வாங்கும் பெட்டி) செர்வோவுக்கும் (ஸ்டீயரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டார்) மின்சாரம் கொடுக்கும் பிஈசியும் மாறுகிறது. சில புதிய ஈஎஸ்சிகளில் அதை 6 அல்லது 7.4 வோல்ட் என்று மாற்றி வைக்கலாம். 6-லேயே வையுங்கள், பழைய செர்வோ 7.4-ல் எரிந்துவிடும்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயம், உங்கள் கேள்வியில் இல்லாதது: ரிமோட். ரிசீவரில் குட்டி கிரிஸ்டல் செருகியிருந்து, நீளமான ஆண்டெனா வயர் குழாய் வழியாக மேலே போகிறது என்றால் அது 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ. பழைய மோட்டாரோடு அது எப்படியோ ஓடியிருக்கும். புதிய ஈஎஸ்சியின் மின் இரைச்சலில் அது தடுமாறலாம். அதைவிட மோசம், அந்தக் கால ரேடியோக்களில் சிக்னல் அறுந்தால் வண்டியை நிறுத்தும் ஃபெயில்சேஃப் பெரும்பாலும் கிடையாது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் கிட்டத்தட்ட இரண்டு கிலோ எடையுள்ள வண்டி கட்டுப்பாடில்லாமல் போனால் ஒரு குழந்தையின் கணுக்காலை உடைக்கும். 27 மெகாஹெர்ட்ஸ் என்றால் முதல் செலவு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ரிமோட்டும் ரிசீவரும்தான், மோட்டார் அதற்குப் பிறகு. புதியதை மாட்டியதும் சக்கரத்தைத் தூக்கி வைத்து, லேசாக ஓடவிட்டு, ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். சக்கரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஃபெயில்சேஃபைச் சரியாக அமைக்காமல் வெளியே எடுக்காதீர்கள். பையன் ஓட்டுகிறான் என்பதால் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பேட்டரிக்கு வருவோம். 2எஸ், 5000 எம்ஏஎச், கெட்டியான உறை போட்ட லிப்போ. வாங்கும் முன் உங்கள் பேட்டரி அறையின் நீள அகலத்தை அளந்துகொள்ளுங்கள். ஈஎஸ்சியில் லிப்போ கட்ஆஃப் (வோல்ட் இறங்கினால் மோட்டாரை நிறுத்தும் அமைப்பு) போட்டு வையுங்கள், ஒரு செல்லுக்கு 3.2-லிருந்து 3.4 வோல்ட் வரை எங்காவது வைத்தால் சரி. 3 வோல்ட்டுக்குக் கீழே போன லிப்போவை நம்பாதீர்கள். சார்ஜ் 1சி-க்கு மேல் வேண்டாம், அதாவது 5000-க்கு 5 ஆம்பியர். எல்லா செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜர்தான் வேண்டும், பழைய நிக்கல் பேட்டரி சார்ஜரில் லிப்போவை ஒருபோதும் போடக்கூடாது. ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்திருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் தமியா கனெக்டர் இருந்தால் கழற்றிவிட்டு எக்ஸ்டி60 மாதிரி ஏதாவது போடுங்கள், இந்த ஆம்பியருக்கு வெள்ளை கனெக்டர் உருகிவிடும். எக்ஸ்டி60-ஐ சால்டர் பண்ணும்போது எதிர்ப்பக்க கனெக்டரைச் செருகி வைத்துக்கொண்டு பண்ணுங்கள். சூட்டில் பிளாஸ்டிக் இளகினாலும் பின் சாயாது. பேட்டரிப் பக்கம் சால்டர் பண்ணுவதாக இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு வயரை மட்டுமே திறந்து வையுங்கள். இரண்டும் தொட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரக்கூடாது.

பொருத்தும்போது முதலில் பினியனைப் போடாமல் மோட்டாரை இணையுங்கள். ஈஎஸ்சிக்கு ரிமோட்டின் முழு திராட்டில், முழு பிரேக், நடு நிலை மூன்றையும் கற்றுக்கொடுங்கள். தவறுதலாக மோட்டார் முழு வேகத்தில் எகிறினாலும் வண்டி ஓடாது. திசை மாறிச் சுற்றினால் சென்சார் இல்லாத மோட்டாரில் மூன்றில் ஏதாவது இரண்டு வயரை மாற்றிச் செருகினால் போதும். சென்சார் உள்ளதில் அப்படி மாற்றக்கூடாது. அப்புறம் பினியன். தண்டில் தட்டையாகச் சீவிய பக்கத்துக்கு நேராகக் குட்டி ஸ்க்ரூ வரவேண்டும், அதில் நீல நிற லாக்டைட் ஒரு துளி. பினியனும் ஸ்பரும் சேரும் இடத்தில் ஒரு துண்டு நோட்டுக் காகிதத்தை விட்டு, மோட்டாரை நெருக்கி ஸ்க்ரூவை முறுக்குங்கள். காகிதத்தைச் சுற்றி வெளியே எடுத்தால் அலை அலையாக மடிப்பு விழுந்திருக்க வேண்டும், கிழிந்திருக்கக்கூடாது. கிழிந்தால் இறுக்கம் அதிகம். மடிப்பே சரியாக விழவில்லை என்றால் லூஸ், முதல் ஓட்டத்திலேயே ஸ்பர் பல் போய்விடும்.

ஸ்லிப்பர் நட்டை ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்வரை முறுக்கி, அரைச் சுற்று தளர்த்தி அங்கிருந்து ஆரம்பியுங்கள். பிடிப்புள்ள தரையில் நின்ற இடத்திலிருந்து முழு திராட்டில் கொடுத்தால் முதல் ஒன்றிரண்டு அடிக்கு மெல்லிய கீச்சொலி கேட்க வேண்டும். சத்தமே இல்லாமல் மூக்கைத் தூக்கினால் இன்னும் கொஞ்சம் தளர்த்துங்கள். நீளமாகக் கத்திக்கொண்டே இருந்தால் இறுக்குங்கள், இல்லாவிட்டால் சூட்டில் ஸ்பர் உருகும். ஈஎஸ்சியில் பஞ்ச் என்று ஒரு அமைப்பு இருக்கும், அதைக் குறைந்த அளவில் வைத்தால் கிளம்பும்போது அடிக்கும் அடி குறையும். பையன் பழகும்வரை அப்படியே இருக்கட்டும்.

முதல் ஓட்டம் மூன்று நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். நிறுத்தி இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் மோட்டாரின் உடம்பைப் பாருங்கள். 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பினியனில் ஒன்றிரண்டு பல் குறைத்துவிடுங்கள். 80-ஐ நெருங்க விட வேண்டாம், உள்ளே இருக்கும் காந்தம் சூட்டில் சக்தி இழந்தால் திரும்ப வராது. நண்பகல் வெயிலில் தார் ரோட்டில் ஓட்டும்போது கிடைக்கும் அளவும், மாலையில் மண் தரையில் கிடைக்கும் அளவும் ஒன்றாக இருக்காது. நீளமான புல்லில் ஓட்டினால் மோட்டார் இன்னும் சூடாகும்.

இவ்வளவும் படித்துவிட்டு, இது நமக்கு அதிகம் என்று தோன்றினால் அதுவும் நியாயமான முடிவுதான். பிரஷ் மாற்ற முடியாதபடி மூடி வரும் டைட்டனை எறிந்துவிட்டு இன்னொரு புது டைட்டன் போடுங்கள். மலிவு, இரண்டே ஸ்க்ரூ. எக்ஸ்எல்-5 2எஸ் லிப்போவைத் தாங்கும். ஆனால் லோ வோல்டேஜ் டிடெக்ஷன் (பேட்டரி வோல்ட் இறங்கியதைக் கண்டுபிடித்து வண்டியை நிறுத்தும் வசதி) வேலை செய்கிறதா பாருங்கள்: விளக்கு பச்சை என்றால் இருக்கிறது, சிவப்பு என்றால் அணைத்திருக்கிறது. அந்த வசதி இல்லாத மிகப் பழைய வகை என்றால் லிப்போ போட வேண்டாம். புது டைட்டனும் 2எஸ் லிப்போவும் சேர்ந்தாலே இப்போது இருப்பதைவிட வண்டி நன்றாகச் சீறும். அதே பேட்டரியைப் பின்னால் பிரஷ்லெஸ்ஸுக்கும் பயன்படுத்தலாம் என்பதால் பணம் வீணாகாது. பையனுக்கு எட்டு, ஒன்பது வயது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பதின்மூன்று, பதினான்கு என்றால் பிரஷ்லெஸ்ஸுக்கே போங்கள், பொருத்தும்போது அவனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். காகிதம் விட்டுக் கியர் வைப்பதை ஒருமுறை செய்துவிட்டால் அடுத்தமுறை அவனே பார்த்துக்கொள்வான்.

எந்த வழியில் போனாலும் முதல் இரண்டு சார்ஜ் முடிந்ததும் பினியன் ஸ்க்ரூ, மோட்டார் ஸ்க்ரூ, ஸ்லிப்பர் நட் மூன்றையும் திரும்ப ஒருமுறை பாருங்கள், புதிதாக மாட்டியவை அப்போதுதான் தளரும். கியர்பாக்ஸைத் திறந்ததும் நடுக் கியரையும் டிஃபரன்ஷியலையும் கிட்டத்தில் படம் எடுத்துப் போட்டால் எதை மாற்ற வேண்டும், எதை விடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.